கை தட்ட ஆள் இல்லாத வேலை

போன வருஷம் ஒரு ராத்திரி பதினோரு மணி வாக்குல என் காலேஜ் ஃப்ரெண்டு போன் பண்ணான். "டேய், உன் வேலைய வெச்சு ஒரு கதை பண்ணலாம்னு இருக்கேன்டா, ஒரு மூணு ராத்திரி டைம் குடு, கேக்குறதுக்கு பதில் மட்டும் சொல்லு போதும்"னான். அவன் அசிஸ்டன்ட் டைரக்டர். எட்டு வருஷமா அசிஸ்டன்ட் டைரக்டர். நான் பிஎச்டிய ஏழு வருஷம் இழுத்து முடிச்சவன், இப்பவும் வருஷா வருஷம் ரினியூ ஆகுற வேலைல தான் வண்டி ஓடுது. ரெண்டு பேரும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்ச், ரெண்டு பேருமே முப்பது தாண்டியும் கையில காசில்லாம எப்ப செட்டில் ஆவோம்னு தெரியாம திரிஞ்சவங்க தான். ஆனா தெரிஞ்சவங்க நாலு பேர் கூடுற இடத்துல அவன் பேச்சு வந்தா "பாவம், போராடுறான், ஒரு நாள் இல்ல ஒரு நாள் ஜெயிப்பான்"னு சொல்லுவாங்க. என்ன பாத்தா ஒரே கேள்வி, "என்னப்பா, இன்னும் படிச்சிட்டு தான் இருக்கியா?" அவனோடது போராட்டம், என்னோடது அரியர்.

இது எனக்கு ரொம்ப நாளா உள்ள அரிச்சிட்டு இருந்த விஷயம். படத்துல பாருங்க, கனவுன்னா பாட்டு, டான்ஸ், நடிப்பு, விளையாட்டு, கேமரா. ஹீரோ ஏதாவது ஒரு புத்தகத்த தூக்கி எறிஞ்சிட்டு தான் கனவ நோக்கி ஓடுவான். அந்தப் புத்தகம் எப்பவும் கணக்கு புத்தகமாவோ இன்ஜினியரிங் புத்தகமாவோ தான் இருக்கும். கணக்கு புத்தகத்த நோக்கி ஓடுறவன யாரும் எடுக்க மாட்டேங்குறாங்களேன்னு எனக்கு ஒரு கடுப்பு. அதனால அவன் கேட்டதும் ஒத்துக்கிட்டேன், சரி, இவனாவது எடுக்கட்டும்.

முதல் ராத்திரி அவன் கேட்டது ரொம்ப சாதாரண கேள்வி. "நீ காலைல போய் என்ன தான்டா பண்ணுவ?"

சொன்னேன். ஒரு ப்ரோட்டீன எடுத்து சுத்தம் பண்ணுவோம், அதுவே வாரக்கணக்கு ஆகும். அப்புறம் உப்பு, இன்னும் சில கெமிக்கல் எல்லாம் வேற வேற அளவுல கலந்து, கண்ணுக்கு சரியா தெரியாத சின்ன சின்ன சொட்டா ஒரு ட்ரேல வைப்போம், ஒரு ட்ரேல 96 குழி. மூடி, ஆட்டாம அசைக்காம வெச்சிட்டு காத்திருப்போம். சொட்டுல இருக்க தண்ணி மெதுவா குறைய குறைய, அதிர்ஷ்டம் இருந்தா, அந்த ப்ரோட்டீன் எல்லாம் வரிசை கட்டி நின்னு க்ரிஸ்டல் ஆகும். அதுக்குள்ள எக்ஸ்ரே விட்டா எந்த அணு எங்க உக்காந்திருக்குன்னு கண்டுபிடிக்கலாம். அவ்வளவு தான் வேலை.

"காத்திருப்பீங்கன்னு சொன்னியே, எவ்ளோ நேரம்?"

"சில சமயம் ரெண்டு நாள். சில சமயம் ஆறு மாசம். பெரும்பாலும் வராது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிருச்சோன்னு பாத்தேன்.

அவனுக்கு தெம்பு வரட்டும்னு டாரதி ஹாட்ஜ்கின் கதைய சொன்னேன், இதே க்ரிஸ்டல் வேலை பாத்த பிரிட்டன் விஞ்ஞானி. 1935-ல இன்சுலின் க்ரிஸ்டலோட எக்ஸ்ரே படத்த வெளியிட்டாங்க, அப்ப அவங்களுக்கு 25 வயசு இருக்கும். இன்சுலினோட முழு அமைப்பையும் கண்டுபிடிச்சு முடிச்சது 1969. நடுவுல பெனிசிலின், வைட்டமின் பி12-னு மத்ததெல்லாம் முடிச்சு 1964-ல நோபல் பரிசே வாங்கிட்டாங்க, ஆனா இன்சுலின் மட்டும் 34 வருஷம். எனக்கு சொல்லும்போதே புல்லரிச்சுது. அவன் "மேக்கப் மேனுக்கு மட்டும் நல்ல வேலைடா"ன்னான்.

அப்புறம் தார் சொட்டு சொன்னேன், இது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டில தாமஸ் பார்னெல்னு ஒரு ப்ரொஃபசர், பாக்க கல்லு மாதிரி இருக்க, சுத்தியலால அடிச்சா உடையிற கெட்டி தாரும் உண்மைல ஓடக்கூடிய திரவம் தான்னு பசங்களுக்கு காட்ட 1927-ல ஒரு புனல்ல தார ஊத்தி வெச்சாரு. அது புனல்ல செட் ஆகவே மூணு வருஷம் விட்டாங்க. 1930-ல அடிய வெட்டி விட்டாங்க. முதல் சொட்டு விழுந்தது 1938. பார்னெல் 1948-ல இறந்துட்டாரு. 1961-ல ஜான் மெயின்ஸ்டோன்னு ஒருத்தர் அத பாத்துக்க ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல அவர் தான். 1979-ல சொட்டு விழுந்தப்போ வார கடைசி, அவர் அங்க இல்ல. 1988-ல ஒரு எக்ஸ்போல பார்வைக்கு வெச்சிருந்தாங்க, பக்கத்துலயே இருந்தவர் குடிக்க ஏதோ வாங்க அஞ்சு நிமிஷம் நகர்ந்தாரு, அந்த அஞ்சு நிமிஷத்துல விழுந்துருச்சு. 2000-ல கேமரா வெச்சு பாத்தாங்க, சரியா அந்த நேரம் பாத்து கேமரா வேலை செய்யல. 2013 ஆகஸ்ட்ல மெயின்ஸ்டோன் இறந்துட்டாரு. அடுத்த சொட்டு விழுந்தது 2014 ஏப்ரல். மனுஷன் ஒரு சொட்டு விழுறத கூட கண்ணால பாக்கல.

இதுக்கு மேல என்ன சோகம் வேணும் ஒரு படத்துக்கு? நான் சொல்லி முடிச்சிட்டு பெருமையா காத்திருந்தேன். அவன் சொன்னான், "நல்லாருக்குடா. ஆனா ஆடியன்ஸ் என்னத்த பாப்பான்? அவரே பாக்கலங்குற."

எனக்கு கோவம் வந்துச்சு, போன வெச்சிட்டேன், ஆனா தூங்கும்போது யோசிச்சா அவன் சொன்னதுல ஒரு நியாயம் இருந்துச்சு. நடிக்கணும்னு துடிக்கிற பையன், பாக்சிங் ரிங்ல ஏறுற பையன், இவங்க கதைல எல்லாம் ஒரு பொருள் இலவசமா கிடைக்குது. படத்துக்கு உள்ளேயே ஒரு கூட்டம். மேடைக்கு கீழ ஜனங்க, கேலரில ஜனங்க. அவங்க மூச்ச பிடிச்சா நாமளும் பிடிக்கிறோம், அவங்க எழுந்து நின்னா நமக்கும் கண்ணுல தண்ணி. எப்ப கை தட்டணும்னு நமக்கு சொல்லி குடுக்குறது அந்த கூட்டம் தான். ராக்கி படம், 1976, அதுல ராக்கி கடைசி சண்டைல தோத்து தான் போறான், பாயிண்ட்ல. நிறைய பேருக்கு அது ஞாபகமே இருக்காது, ஜெயிச்ச மாதிரி தான் மனசுல நிக்கும். ஏன்னா அந்த கூட்டம் அப்படி கத்துது. தோல்விய கூட வெற்றியா மாத்துற சக்தி அந்த சத்தத்துக்கு இருக்கு. என் லேப்ல ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும் தான்.

ரெண்டாவது ராத்திரி அவன் நோட்டு புத்தகத்தோட வந்தான். அசிஸ்டன்ட் டைரக்டர் ஃபார்ம்ல இருந்தான்னு வைங்க, கேள்வி மேல கேள்வி.

"வில்லன் யாரு?"

யோசிச்சேன். கைடு நல்ல மனுஷன். ஆராய்ச்சி பேப்பர வெளியிடுறதுக்கு முன்னாடி சரிபாக்குற ரிவ்யூவர்னு ஒருத்தர், என் பேப்பர ரெண்டு தடவ திருப்பி அனுப்புனவர் இருக்காரு, ஆனா அவர் யாருன்னே யாருக்கும் தெரியாது, பேரும் இல்ல முகமும் இல்ல. அதுவும் இல்லாம, சொல்ல கூடாது, அவர் சொன்னது சரி.

"வில்லன் சொன்னது சரின்னா அப்புறம் எங்கடா போறது..."

"ஹீரோ யாரு?" இதுக்கும் என்கிட்ட நேரான பதில் இல்ல. 2015-ல ஹிக்ஸ்னு அணுவ விட சின்ன ஒரு துகளோட எடைய அளந்து ஒரு பேப்பர் வந்துச்சு, எழுதினவங்க 5154 பேர். மொத்தம் 33 பக்கம், அதுல 24 பக்கம் பேரும் ஊரும் தான். இதுல யாரு முகத்துக்கு க்ளோஸப் வைப்ப? அவன் "ஸ்லோ மோஷன்ல நடந்து வர்றதுக்கு ஹைவே தான்டா வேணும்"னான். சிரிச்சிட்டோம்.

அப்புறம் வந்தான் மாண்டேஜ்க்கு. மாண்டேஜ்னா தெரியும்ல, ஒரு பாட்டு போட்டு மூணு நிமிஷத்துல ஆறு மாச ட்ரெயினிங்க காட்டிருவாங்க. முதல்ல படிக்கட்டுல மூச்சு வாங்குவான், பாட்டு முடியும்போது பறப்பான். உடம்பு மாறுறது கண்ணுக்கு தெரியும், விரல் ஸ்ட்ரிங்ல பழகுறது காதுக்கு கேக்கும். மூளைக்குள்ள ஒண்ணு புரிய ஆரம்பிக்கிறத எங்க போய் காட்டுறது? நான் இருக்கதுலயே அதிகமா கத்துக்கிட்ட வருஷத்துல என்ன வீடியோ எடுத்திருந்தா, ஒருத்தன் ஸ்கிரீன முறைச்சு பாத்துட்டு உக்காந்திருக்கான், எழுந்து தண்ணி குடிக்கிறான், மறுபடி உக்காருறான், அவ்வளவு தான் இருந்திருக்கும். அதனால தான் படத்துல விஞ்ஞானி கண்ணாடில எழுதுறாரு, ஜன்னல்ல எழுதுறாரு, காத்துல எண் மிதக்குது. பாவம், அவங்களும் என்ன தான் பண்ணுவாங்க.

இதுல இருந்து தான் இன்னொரு வினை வருது, எனக்கு இதுல உண்மையாவே வருத்தம். வளர்றத காட்ட முடியலங்குறதால படத்துல வர்ற அறிவாளி வளர்றதே இல்ல, பிறக்கும்போதே ரெடிமேடா வந்துடுறான். 1997-ல வந்த குட் வில் ஹன்டிங்ல தரைய தொடைக்கிற பையன் காரிடார்ல இருக்க போர்டுல அசால்ட்டா விடைய எழுதிட்டு போறான், ப்ரொஃபசர் எல்லாம் வாய பிளக்குறாங்க. அருமையான படம், நானே நாலு தடவ பாத்திருக்கேன். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, பாக்சர் உழைக்கணும், பாடகன் உழைக்கணும், டான்ஸர் கால்ல ரத்தம் வர உழைக்கணும், கணக்கு போடுறவன் மட்டும் உழைக்க வேண்டியதில்ல, அது வரம். இத பாத்து வளர்ற ஒரு பிள்ளைக்கு பத்தாவது கணக்குலயே ஒரு இடத்துல முட்டும்போது என்ன தோணும்? நமக்கு அந்த வரம் இல்ல போலன்னு தோணும். எனக்கு தோணிச்சு. ரொம்ப வருஷம் தோணிச்சு. முட்டுறது தான் இந்த வேலையேன்னு பிஎச்டி மூணாவது வருஷத்துல தான் தெரிஞ்சுது.

"எதுவுமே தேறாதாடா அப்ப, விஞ்ஞானிய வெச்சு ஓடின படமே இல்லையா?"ன்னு கேட்டான். இருக்கு. ஆனா எதெல்லாம் ஓடுச்சுன்னு பாத்தா ஒரு கணக்கு பிடிபடும். மேரி க்யூரி கதைய 1943-லயே ஹாலிவுட்ல எடுத்துட்டாங்க, டன் கணக்கா தாதுவ கிண்டி கிண்டி கடைசில ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு ரேடியம் சால்ட்ட எடுத்தவங்க, ஆனா ரேடியம் இருட்டுல ஒளிரும், இயற்கையே லைட்டிங் பண்ணி குடுத்துருச்சு. ஓப்பன்ஹைமர்ல குண்டு வெடிக்குது. மத்ததுல ராக்கெட் பறக்குது. ஒளிரணும், வெடிக்கணும், இல்ல பறக்கணும். என் உப்புக்கரைசல் மூணுமே பண்ணாது.

அப்போலோ 13 படத்துல ஒரு சீன் இருக்கு, என்ன கேட்டா சயின்ஸ அதவிட சுத்தமா யாரும் எடுக்கல. விண்கலத்துல கார்பன் டைஆக்சைடு ஏறிட்டே போகுது, சதுரமா இருக்க ஃபில்டர வட்டமான ஓட்டைல பொருத்தணும், கலத்துக்குள்ள என்னென்ன பொருள் இருக்கோ அத மட்டும் ஒரு மேஜைல கொட்டி இத வெச்சு பண்ணுங்கன்னு சொல்றாங்க. பிரச்சனை கண்ணுக்கு தெரியுது, கடிகாரம் ஓடுது, தப்பு பண்ணா மூணு உயிர் போகும். "இது மாதிரி ஒண்ணு குடுடா உன் லேப்ல"ன்னு கெஞ்சுனான். என்கிட்ட இருந்ததெல்லாம் ஒரு கெட்டுப்போன ஏசி, அதுல வீணாப்போன நாப்பது ட்ரே.

அந்த ராத்திரி கொஞ்சம் சண்டையும் வந்துச்சு. நான் கேட்டேன், எ ஸ்டார் இஸ் பார்ன்னு ஒரே கதைய ஹாலிவுட்ல 1937, 1954, 1976, 2018-னு நாலு தடவ எடுத்திருக்கீங்களேடா, ஒரு பொண்ணு ஸ்டார் ஆகுறா, அவள கைதூக்கி விட்டவன் சரியுறான், இத எடுக்க மட்டும் சலிக்கவே சலிக்காதா உங்களுக்கு? எழுதுறவன், எடுக்குறவன், நடிக்கிறவன் எல்லாரும் வீட்ட எதுத்துக்கிட்டு ஓடி வந்து சினிமால சேந்தவங்க, உங்களுக்கு தெரிஞ்ச ஒரே கனவு உங்க கனவு, அதையே திருப்பி திருப்பி எங்களுக்கு விக்கிறீங்க, அப்படின்னு கொஞ்சம் ஓவராவே பேசிட்டேன். அவன் கோவப்படல. நாலு வருஷம் அப்பாவுக்காக இன்ஜினியரிங் படிச்சவன் அவன். "நான் எந்த வீட்ட விட்டு ஓடி வந்தேனோ அந்த வீட்ட நானே எப்படிடா அழகா காட்டுவேன்"னான்.

அதுக்கு பதில் சொல்ல தெரியல எனக்கு. ஆனா அந்த ஒரு வரி நிறைய விளக்கிருச்சு. படம் படிப்ப வெறுக்கல. படத்த எழுதுறவனுக்கு படிப்புன்னா அடுத்தவங்க திணிச்சது, அவனோட அனுபவம் அது. அதனால திரைல படிக்கிறவன்னா சொன்ன பேச்ச கேக்குறவன், பயந்தவன், பாதுகாப்பா போறவன். இதுல தான் எனக்கு சிரிப்பும் வரும் அழுகையும் வரும். பாதுகாப்பா? ராயல் சொசைட்டின்னு பிரிட்டனோட பெரிய விஞ்ஞானிகள் சங்கம், 2010-ல அந்த ஊர் நிலவரத்த வெச்சு ஒரு அறிக்கை போட்டாங்க, சயின்ஸ்ல பிஎச்டி முடிக்கிறவங்கள்ல யுனிவர்சிட்டில நிரந்தர ஆராய்ச்சி வேலைக்கு போய் சேர்றது 3.5 சதவீதம், ப்ரொஃபசர் ஆகுறது 0.45 சதவீதம். இருநூறு பேர்ல ஒரு ஆள் கூட முழுசா இல்ல. நடிகனாகணும்னு வீட்ட விட்டு ஓடுறவனுக்கு இருக்க ரிஸ்க்குக்கு இது என்ன குறைச்சல்? பிஎச்டி முடிச்சிட்டு தற்காலிக ஆராய்ச்சி வேலைல இருக்கவன போஸ்ட்டாக்ம்பாங்க, முப்பத்தஞ்சு வயசுல காண்ட்ராக்ட் முடிஞ்சு பொட்டி கட்டுற அந்த போஸ்ட்டாக்க பாத்து யாரும் "பாவம், கனவுக்காக போராடுறான்"னு சொல்லி நான் கேட்டதில்ல.

நண்பன் படத்த எடுத்துக்கோங்க, 2012, த்ரீ இடியட்ஸோட ரீமேக். அந்த படத்துல இருந்து ஜனங்க எடுத்துக்கிட்டது என்ன? இன்ஜினியரிங்க விட்டுட்டு கேமராவ தூக்கிட்டு காட்டுக்கு போ. ஆனா அது ஹீரோ கிடையாது, ஹீரோவோட ஃப்ரெண்டு. ஹீரோ மெஷின நேசிச்சு நேசிச்சு படிக்கிறவன், கடைசில பெரிய விஞ்ஞானின்னு தெரியவருது. அதாவது படிப்ப கனவா வெச்சிருக்க ஒருத்தன் தான் அந்த படத்துக்கே ஹீரோ! ஆனா யாருக்கும் அது பதியல, ஏன்னா அவன் விஞ்ஞானி ஆனது முழுக்க படத்துல இல்லாத வருஷங்கள்ல. காலேஜ் முடிஞ்சதும் காணாம போறான், திரும்பி பாத்தா விஞ்ஞானி. நடுவுல அவன் எத்தன ட்ரேய குப்பைல போட்டான்னு நமக்கு தெரியவே தெரியாது. இந்தியானா ஜோன்ஸ் 1989 படத்துல இன்னும் வேடிக்கை, தொல்லியல்ல எழுபது சதவீதம் லைப்ரரில உக்காந்து படிக்கிறது தான்னு அவரே கிளாஸ்ல பாடம் நடத்துவாரு. கொஞ்ச நேரத்துல ஒரு லைப்ரரிக்கும் போவாரு. போய் என்ன பண்ணுவாருன்னா தரைய உடைப்பாரு.

மூணாவது ராத்திரி அவன் களைச்சு போயிருந்தான். "சரிடா, சயின்ஸ் வேணாம். உனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்த ஒரு நிமிஷத்த சொல்லு"ன்னான்.

யாருக்கும் அவ்வளவா சொல்லாத கதை ஒண்ணு இருக்கு. நாலாவது வருஷம், ஞாயித்துக்கிழமை ராத்திரி, மணி ஒண்ணு இருக்கும். ரெண்டு வருஷமா தினமும் பாக்குற மாதிரி தான் ட்ரேய எடுத்து மைக்ரோஸ்கோப்ல வெச்சேன். நாப்பத்தி சொச்சமாவது குழில க்ரிஸ்டல். ஊசி மாதிரி இல்ல, தூசி மாதிரி இல்ல, பட்டை தீட்டின மாதிரி முனையெல்லாம் கூரா, சொட்டுக்கு நடுவுல ஒண்டியா உக்காந்திருக்கு. கை நடுங்குது. யார்கிட்டயாவது சொல்லணும். பில்டிங்ல ஒரு ஆள் இல்ல. கைடு வெளிநாட்டுல இருக்காரு. வீட்ல சொன்னா "நல்லது, சாப்ட்டியா"ம்பாங்க. கீழ ஓடுனேன், வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் இருந்தாரு. "அண்ணே, வந்துருச்சுண்ணே! ரெண்டு வருஷமா வரல, இன்னிக்கு வந்துருச்சு!"ன்னேன். அவர் எழுந்து நின்னாரு. என்ன வந்துச்சுன்னு கேக்கல. "அப்படியா தம்பி, ரொம்ப சந்தோஷம். மேல லைட்ட அணைச்சிட்டீங்களா?"ன்னாரு.

ஃப்ரெண்டு விழுந்து விழுந்து சிரிச்சான். "இதான்டா சீன்!"

"இரு, முடியல."

அடுத்த வாரம் எக்ஸ்ரேல வெச்சா அது உப்பு. ப்ரோட்டீனே இல்ல. உப்பு க்ரிஸ்டல்னா ஊசியால அழுத்துனா நறுக்குன்னு உடையும், ப்ரோட்டீன்னா மாவா உதிரும், அத அன்னிக்கு ராத்திரியே குத்தி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், ஆனா எனக்கு குத்த மனசு வரல. செக்யூரிட்டி அண்ணன் அதுக்கப்புறம் தினமும் என்ன பாத்தா ஒரு சிரிப்பு சிரிப்பாரு, ஜெயிச்சவன பாத்து சிரிக்கிற சிரிப்பு. உப்புன்னு அவர்கிட்ட நான் சொல்லவே இல்ல.

உண்மையான க்ரிஸ்டல் வந்தது அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு. பாத்தேன், இதுவும் உப்பா தான் இருக்கும்னு நோட்ல ஒரு வரி எழுதி வெச்சிட்டு சாப்பிட போய்ட்டேன். எக்ஸ்ரே படத்துல ப்ரோட்டீன் க்ரிஸ்டலுக்கு வர்ற மாதிரி நல்லா புள்ளி வந்தப்பவும் சந்தேகம், வேற ப்ரோட்டீன் கலந்திருக்குமோன்னு. டேட்டாவ கணக்கு போட்டு, திருப்பி போட்டு, ரிவ்யூவர் கேட்டதுக்கு மறுபடி போட்டு, பேப்பர் அக்செப்ட் ஆன ஈமெயில் வந்தப்போ நான் வேற ஒரு ட்ரேய திட்டிட்டு இருந்தேன். எந்த நிமிஷத்துல ஜெயிச்சேன்னு கேட்டா எனக்கு சொல்ல தெரியாது. சந்தோஷப்பட்ட நிமிஷம் உப்புக்கு, ஜெயிச்ச நிமிஷத்துல சந்தோஷம் இல்ல.

இத சொல்லும்போது தான் எனக்கே உறைச்சுது. கை தட்ட ஆள் இல்லங்குறது பாதி தான். கிளைமாக்ஸ் வர்ற நேரத்துல தான் எங்களுக்கு சந்தேகப்பட சொல்லி குடுத்திருக்காங்க. மேடைல பாடி முடிச்சா முடிஞ்சுது, கோல் விழுந்தா விழுந்தது தான். இங்க கோல் விழுந்துச்சான்னு தெரிய ரெண்டு வருஷம் ஆகும்.

ஆண்ட்ரூ வைல்ஸ்னு ஒரு கணக்கு ப்ரொஃபசர், அவர் கதை தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். ஃபெர்மாவோட கடைசி தேற்றம், மூணரை நூற்றாண்டா யாராலயும் நிரூபிக்க முடியாதது. 1986-ல இருந்து ஏழு வருஷம் யாருக்கும் தெரியாம வீட்ல உக்காந்து போட்டாரு. 1993 ஜூன்ல கேம்பிரிட்ஜ்ல மூணு நாள் லெக்சர், மூணாவது நாள் கடைசில முடிவ எழுதிட்டு நிறுத்துறாரு, ஹாலே கை தட்டுது, பேப்பர்ல முதல் பக்க செய்தி. சினிமாவா இருந்தா அங்க டைட்டில் கார்டு. ஆனா அந்த நிரூபணத்துல ஓட்டை இருந்துச்சு. சரிபாக்கும்போது கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல நரகம், உலகமே பாத்துட்டு இருக்கு. தன்கிட்ட படிச்ச ரிச்சர்ட் டெய்லர கூட சேத்துக்கிட்டும் ஓட்டை அடையல. 1994 செப்டம்பர் 19, காலைல மேஜைல உக்காந்திருக்கும்போது, விட்டுடலாம்னு இருந்த நேரத்துல, திடீர்னு வழி தெரியுது. அப்ப ஹால் இல்ல, கூட்டம் இல்ல. கூட்டம் கை தட்டினது தப்பான நிரூபணத்துக்கு. சரியான நிரூபணம் வந்தப்போ ஒரு மேஜை, ஒரு நாற்காலி. பின்னாடி பிபிசி டாக்குமென்டரில அந்த நிமிஷத்த சொல்ல ஆரம்பிச்சு மனுஷனுக்கு பேச்சு வராம அழுகை வந்துரும், முகத்த திருப்பிக்குவாரு. எந்த நடிகனும் அப்படி நடிச்சு நான் பாத்ததில்ல.

ஜான் நாஷ்ங்குற கணக்கு மேதையோட கதைய ஏ பியூட்டிஃபுல் மைண்ட்னு படமா எடுத்தவங்களுக்கும் இந்த சிக்கல் வந்திருக்கும்னு நினைக்கிறேன். அதுல பிரின்ஸ்டன் ப்ரொஃபசர்ஸ் எல்லாம் ஒவ்வொருத்தரா வந்து நாஷ் முன்னாடி மரியாதைக்கு தன் பேனாவ வெச்சிட்டு போவாங்க. பாத்தா நெஞ்ச அடைக்கும். அப்படி ஒரு வழக்கமே அங்க கிடையாது, படத்துக்காக உண்டாக்கினது. 28 பக்க தீசிஸ் எழுதினவருக்கு அதுக்காக 44 வருஷம் கழிச்சு 1994-ல நோபல் வந்துச்சு, அந்த உண்மை பத்தல, பேனா வேணும். கை தட்டலே இல்லாத தொழிலுக்கு ஒரு கை தட்டல கண்டுபிடிக்க வேண்டியதாச்சு. பொய்யின்னு தெரிஞ்சும் நான் ஒவ்வொரு தடவையும் அந்த சீன்ல அழுவேன், அது வேற விஷயம்.

இதையெல்லாம் மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். அந்தப் பக்கம் பேனா ஓடுற சத்தம் கேட்டுச்சு. "சரிடா, பாத்துட்டு சொல்றேன்"னு வெச்சிட்டான்.

நாலு மாசம் போன் இல்ல. அப்புறம் ஒரு நாள் ஸ்கிரிப்ட் அனுப்பி வெச்சான், நூத்தி சொச்சம் பக்கம். தொறந்தேன். முதல் பக்கத்துலயே ஹீரோ பாடகன். ரிசர்ச் இல்ல, லேப் இல்ல, ட்ரே இல்ல. "ப்ரொட்யூசர் ரெண்டு பேர்கிட்ட சொல்லி பாத்தேன்டா, விஞ்ஞானின்னதுமே போன பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, மன்னிச்சுக்கோ"ன்னு கீழ மெசேஜ். திட்டிக்கிட்டே தான் படிச்சேன், நல்லா எழுதியிருந்தான் படுபாவி. எம்பதாவது பக்கம் வாக்குல அந்த சீன் வந்துச்சு. ராத்திரி ஒரு மணி, காலி ரெக்கார்டிங் ஸ்டூடியோ, ரெண்டு வருஷமா வராத ஒரு சங்கதி பையனுக்கு அன்னிக்கு தொண்டைல வந்து உக்காருது, சொல்ல ஆள் இல்ல, கீழ ஓடி வர்றான், வாசல்ல செக்யூரிட்டி. அவர் கீழ இருந்தே எல்லாத்தையும் கேட்டுட்டு தான் உக்காந்திருக்காரு. எழுந்து நின்னு கை தட்டுறாரு.

லைட்ட அணைச்சிட்டீங்களான்னு கேக்குற டயலாக்க எடுத்துட்டான். ஏன்டான்னு கேட்டதுக்கு, அந்த இடத்துல காமெடி வந்தா எமோஷன் போயிரும்னான்.